மாநிலத் திட்டக் குழு, நிதி ஆயோக் மாதிரி இடத்துல நெஜமா என்ன வேலை நடக்குது?

காவிரிக்கரையான்:
திருச்சில எம்.ஏ எகனாமிக்ஸ் படிக்கிறேன். மகளிர் இலவச பஸ்ஸால ஒரு பெண்ணுக்கு மாசம் சராசரியா 888 ரூபா மிச்சமாகுதுன்னு, தமிழ்நாடு அரசுக்கு ஆலோசனை சொல்ற மாநிலத் திட்டக் குழுவோட ஆய்வ காட்டி மேடைக்கு மேடை பேசினாங்கல்ல, அத வச்சு கிளாஸ்ல ஒரே சண்டை. திட்டம் போட்டது அரசு, குழுவுக்குத் தலைவர் முதல்வர், காசும் அரசு காசு, அப்புறம் திட்டம் நல்லாருக்குன்னு வராம வேற என்ன வரும்னு பாதி பேரு கேக்குறாங்க. இந்த மாதிரி இடத்துல யாரு கேள்விய முடிவு பண்றது, யாரு களத்துக்குப் போறது, ரிப்போர்ட்ட யாரு வெளிய விடுறது? உள்ள வேலை பாத்தவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.

அரைடிக்கெட்:
தம்பி, நான் இந்த மாதிரி ஒரு இடத்துல கான்ட்ராக்ட்ல இருந்தவன், எந்த இடம்னு கேக்காதீங்க. வேலை ரெண்டு வழியா வரும். ஒன்னு, ஏதாவது டிபார்ட்மென்ட்டோ மேலிடமோ இத பாத்து சொல்லுங்கன்னு கேக்கும். இன்னொன்னு, உறுப்பினர் யாராவது இத எடுக்கலாமேன்னு சொல்வாங்க. அப்புறம் டிஓஆர், அதாவது எத ஆராயணும், எப்படி, எப்பக்குள்ளன்னு சொல்ற வரையறை எழுதணும், சாம்பிள் எடுக்கணும், ஆளு வச்சு சர்வே, டிராஃப்ட், அது சம்பந்தப்பட்ட டிபார்ட்மென்ட்டுக்குப் போயி கமென்ட்ஸோட திரும்பி வரும். நெறைய பேரு கடைசி ஸ்டேஜ்ல தான் கைய வைப்பாங்கன்னு நெனைக்கிறாங்க, ஆனா முக்காவாசி விஷயம் கேள்வித்தாள்லயே முடிஞ்சிரும். பஸ்ஸையே எடுத்துக்கோங்க. பஸ் ஸ்டாண்ட்ல நின்னு "இலவச பஸ்ஸால காசு மிச்சமாகுதாம்மா"ன்னு கேட்டா எல்லாரும் ஆமாம்பாங்க, அது சர்வேயே இல்ல. முன்னாடி வாரத்துல எத்தனை நாள் போவீங்க, எதுல போவீங்க, ஷேர் ஆட்டோவா, டிக்கெட் எவ்ளோ, இப்ப அந்தக் காசு எங்க போகுதுன்னு தனித்தனியா கேக்கணும். இன்னொரு சிக்கல் இருக்கு. முன்னாடி காசில்லாம வீட்லயே இருந்த அக்கா இப்ப தெனமும் டவுனுக்கு வேலைக்குப் போறாங்க, அந்த டிக்கெட் காச "மிச்சம்"னு எழுதலாமா? அவங்க முன்னாடி செலவே பண்ணலயே. ஆனா அவங்களுக்கு வந்த லாபம் 888ஐ விட பெருசாக்கூட இருக்கலாம். அதனால ஒத்த நம்பர வச்சு கிளாஸ்ல அடிச்சுக்கிறது வேஸ்ட்.

பழையபேப்பர்:
அமைப்பு பத்தி கொஞ்சம். திட்டக் குழு 1971ல கலைஞர் முதல்வரா இருந்தப்ப ஆரம்பிச்சது, ஆபீஸ் சேப்பாக்கம் எழிலகத்துல. 2020ல மாநில வளர்ச்சிக் கொள்கைக் குழுன்னு பேர மாத்தினாங்க, அப்புறம் மறுபடி பழைய பேருக்கே வந்தாச்சு. 2021ல பொருளாதார அறிஞர் ஜெயரஞ்சன துணைத் தலைவரா போட்டு, உறுப்பினரா சித்த மருத்துவர் கு. சிவராமன், நடனக் கலைஞர் நர்த்தகி நடராஜ், மண் ஆய்வாளர் சுல்தான் இஸ்மாயில்னு கலந்துகட்டி போட்டாங்க, எனக்கு அது புடிச்சிருந்துச்சு. ஆனா ஒன்னு, இது ஆலோசனைதான் சொல்லும், ஃபைல்ல கையெழுத்து போடுறது செக்ரட்டேரியட்.

டெல்லிவாசி:
மேல கேள்வி கேட்ட தம்பிக்கு, இதே கேள்விய மத்திய அரசுக்கு கொள்கை ஆலோசனை சொல்ற நிதி ஆயோக் மேலயும் கேளுங்க. 1950ல இருந்து இருந்த திட்டக் கமிஷன் மாநிலங்களுக்கு பணம் பிரிச்சுக் குடுக்கும், முதலமைச்சர்களே டெல்லில வந்து உக்காந்து பேசுவாங்க. 2015 ஜனவரி 1ல வந்த நிதி ஆயோக்குக்கு அந்தப் பவர் இல்ல, ரேங்க் போடும், ரிப்போர்ட் போடும், அவ்ளோதான், தலைவர் மட்டும் பிரதமர். 2024 ஜனவரில ஒரு பேப்பர் விட்டாங்க, ஒம்பது வருஷத்துல 24.82 கோடி பேரு பல பரிமாண வறுமைல இருந்து (வருமானத்த மட்டும் பாக்காம உடல்நலம், படிப்பு, வாழ்க்கைத் தரம்னு சேத்துப் பாக்குற கணக்கு) வெளிய வந்துட்டாங்கன்னு. அந்த வறுமைல இருந்தவங்க 2013-14ல 29.17 சதவீதம், 2022-23ல 11.28 சதவீதமாம். தசம புள்ளிக்கு அப்புறம் ரெண்டு இலக்கம் வேற! ஆனா அந்த ரெண்டு வருஷத்துலயும் சர்வேயே நடக்கல. இந்தக் கணக்குக்கு அடிப்படையான தேசிய குடும்ப நல சர்வே நடந்தது 2005-06, 2015-16, 2019-21. நடுவுல இருக்கறத ஏறக்குறைய கோடு போட்டு புடிச்சாங்க, 2022-23க்கு அதே வேகத்துல கோட்ட நீட்டிட்டாங்க, கொரோனா வந்து வேலை போனதெல்லாம் அந்தக் கோட்டுல எங்க தெரியும்? இதுல மறைச்சது எதுவும் இல்லங்க, எப்படி கணக்கு போட்டோம்னு பேப்பர்லயே எழுதியிருக்காங்க. டிவில பேசும்போது தான் அந்தப் பத்தி காணாம போயிருது.

அரைடிக்கெட்:
@டெல்லிவாசி அது கரெக்ட் சார். இதனாலதான் சென்னை அடையாறு காந்தி நகர்ல இருக்கற எம்ஐடிஎஸ் (சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம்) மாதிரி இடம் வேணும்பேன். 1971ல பொருளாதார அறிஞர் மால்கம் ஆதிசேஷையா ஆரம்பிச்சது, அப்புறம் 1977ல ஐசிஎஸ்எஸ்ஆர்ங்கிற மத்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கவுன்சில் கீழ வந்துச்சு. மத்திய அரசு காசும் வரும், மாநில அரசு காசும் வரும், ஆனா முதல்வர் தலைவர் கிடையாது, பேராசிரியர் தன் பேருல ஜர்னல்ல எழுதுவாரு, எந்த டிபார்ட்மென்ட்டும் கமென்ட்ஸ் போட்டு நிறுத்த முடியாது. என்ன, மெதுவா நடக்கும். விழுப்புரம் பக்கம் இருவேல்பட்டுன்னு ஒரு ஊரு, 1916ல சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் காலத்துல சர்வே பண்ணினது, அதே ஊருக்கு 2008ல மறுபடி போயி நிலம் யாரு கையில இருந்து யாரு கைக்கு மாறுச்சு, கூலி வேலை என்ன ஆச்சுன்னு பாத்திருக்காங்க. போன டீம்ல எம்ஐடிஎஸ் நாகராஜும் இருந்தாரு, மேல சொன்ன ஜெயரஞ்சனும் இருந்தாரு. பட்ஜெட்டுக்கு முன்னாடி மூனு மாசத்துல நம்பர் குடுங்கன்னு நிக்கிற மந்திரிக்கு இது ஒதவாது. ஆளுங்க மட்டும் அங்கயும் இங்கயும் போய்ட்டு வந்துட்டுதான் இருப்பாங்க, 2021 குழுல எம்ஐடிஎஸ் பேராசிரியர் விஜயபாஸ்கர் இருந்தாரே.

காவிரிக்கரையான்:
நன்றிண்ணா, எல்லாருக்கும். அப்ப ரிப்போர்ட் கைல கெடச்சா முதல்ல எத பாக்கணும்? அப்புறம் எம்.ஏ முடிச்சதும் இங்கல்லாம் வேலைக்குப் போலாமா?

அரைடிக்கெட்:
கடைசிப் பக்கத்துல இருந்து ஆரம்பிங்க, கேள்வித்தாள இணைச்சிருக்காங்களா, எந்தெந்த ஊர்ல எடுத்தாங்க, யார விட்டாங்கன்னு பாருங்க. வேலைன்னா பெரும்பாலும் கான்ட்ராக்ட்தான், புராஜெக்ட் முடிஞ்சா வேற எடம் தேடணும், வீட்ல கவர்மென்ட் வேலைன்னு சொல்லிட்டு போயிறாதீங்க. ஸ்டேட்டா (Stata), ஆர் (R) மாதிரி புள்ளியியல் சாஃப்ட்வேர் ஏதாவது ஒன்னு ஒழுங்கா கத்துக்கோங்க, என்எஸ்எஸ்ஸோட (மத்திய அரசோட தேசிய மாதிரி சர்வே) ரா டேட்டாவ டவுன்லோடு பண்ணி ஒரு மாவட்டத்துக்காவது டேபிள் போட்டுப் பாருங்க, இன்டர்வியூல அத தான் நோண்டி நோண்டி கேப்பாங்க.