புதுப்பிப்பு: மதம் மாறாமல் சட்டப்படி கல்யாணம் முடிந்தது (வடசென்னை)

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. நான் கிறிஸ்தவப் பெண், அவர் இந்து. யாரும் மதம் மாறாமல் கல்யாணம் செய்ய என்ன வழி என்று கேட்டிருந்தேன். 1954-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டத்தைச் சொன்ன வழக்கறிஞர் அக்காவின் யோசனைதான் கைகொடுத்தது.

முதலில் திருமண அதிகாரியின் அலுவலகத்தில், கல்யாணம் செய்யப்போகிறோம் என்று நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அதற்கு முன் இருவரில் ஒருவராவது அந்த அலுவலக எல்லைக்குள் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும். அவர் காசிமேட்டிலேயே பிறந்து வளர்ந்தவர், அதனால் அந்தப் பக்கமே நோட்டீஸ் கொடுத்தோம்.

எதிர்பார்க்காத ஒன்று: என் நிரந்தர முகவரி தூத்துக்குடி. நோட்டீஸின் நகல் அங்கேயும் போய், பலகையில் ஒட்டிவிட்டார்கள். சித்தப்பா படித்துவிட்டு அன்று இரவே அப்பாவுக்குப் போன் போட்டார். நல்லவேளை, வீட்டில் முன்பே சொல்லியிருந்தேன். வெளியூர் முகவரி இருப்பவர்கள் தயவுசெய்து இதை மனதில் வையுங்கள்.

30 நாளில் ஆட்சேபம் எதுவும் வரவில்லை. அப்புறம், சாட்சி இரண்டு பேர் போதாது, மூன்று பேர் வேண்டும். நோட்டீஸ் கொடுத்த 3 மாதத்துக்குள் கல்யாணம் முடியாவிட்டால் மறுபடி புதிதாகக் கொடுக்க வேண்டும்.

அதிகாரி முன்னால் சொல்ல வேண்டிய உறுதிமொழியை நமக்குப் புரிகிற மொழியில் சொல்லலாம். “உங்களை என் சட்டப்படியான கணவராக ஏற்கிறேன்” என்று தமிழிலேயே சொன்னேன். குரல் நடுங்கியது. மீன் ஏலம் முடிந்த கையோடு சாட்சிக்கு ஓடிவந்த அவருடைய அத்தை, கையெழுத்துப் போட்டுவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சான்றிதழ் வாங்கிவிட்டோம்.