டெக்சாஸில் திவால் மனு: வீடும் இரண்டு கார்களும் கையில் நிற்குமா?

கேள்வி – பிளேனோவாசி

வணக்கம். டல்லாஸ் அருகே பிளேனோவில் 2014 முதல் சொந்த வீட்டில் இருக்கிறோம். சென்ற ஆண்டு எனக்கு வேலை போன அதே சமயத்தில் மனைவிக்கு அறுவைச் சிகிச்சையும் சேர்ந்துகொள்ள, மருத்துவமனைக் கட்டணமும் கிரெடிட் கார்டு பாக்கியுமாக 90,000 டாலர் கடனாகிவிட்டது. இப்போது வேறு வேலை கிடைத்துவிட்டது. ஆனால் வீட்டுக் கடனில் நான்கு தவணைகள் நிலுவையில் நிற்கின்றன. மனைவியின் காருக்குக் கடன் இல்லை. என் காரைச் சென்ற ஆண்டுதான் கடனில் வாங்கினேன். இன்று விற்றால் கிடைப்பதைவிடக் கட்ட வேண்டியது அதிகம். திவால் மனு போட்டால் இவையெல்லாம் போய்விடுமா? முதலில் வீட்டைத் தம்பி பெயருக்கு எழுதிவைத்துவிடச் சொல்கிறார் ஒரு நண்பர். எட்டு மாதத்துக்கு முன் தாய்மாமாவிடம் வாங்கியிருந்த 12,000 டாலரைத் திருப்பிக் கொடுத்தேன். மயிலாடுதுறைப் பக்கம் அப்பா விட்டுச்சென்ற வீட்டில் எனக்குப் பங்கும் உண்டு.

மறுமொழி – ஃபைல்கட்டு

திவால் வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் கோப்புகளைத் தயாரிப்பவன் நான். தயவுசெய்து வீட்டை யார் பெயருக்கும் மாற்றாதீர்கள். டெக்சாஸில் நகரத்து வீடு பத்து ஏக்கருக்குள் இருந்தால், அதன் மதிப்பு எவ்வளவானாலும் கிரெடிட் கார்டு நிறுவனம், மருத்துவமனை போன்ற பொதுவான கடன்காரர்கள் அதைத் தொட முடியாது. வாங்கி 1,215 நாட்கள் ஆகாதவர்களுக்குத்தான் உச்சவரம்பு உண்டு, அது உங்களுக்குப் பொருந்தாது. தம்பி பெயருக்கு எழுதிய நிமிடமே அந்தப் பாதுகாப்பை நீங்களே கைவிடுகிறீர்கள்; கடன்காரரை ஏமாற்றச் செய்த மாற்றம் என்று நீதிமன்றம் கண்டால் கடன் விடுதலையே மறுக்கப்படலாம்.

ஆனால் இந்த விலக்கு, வீட்டின் பேரில் கடன் கொடுத்த வங்கியை நிறுத்தாது. நிலுவை இருக்கும்போது சாப்டர் 7 (விலக்கில்லாத சொத்தை விற்றுக் கடனைத் தீர்க்கும் திவால் வகை) போட்டால் ஏலம் சில மாதங்கள் தள்ளிப்போகும், அவ்வளவுதான். உங்களுக்கு மாத வருமானம் இருப்பதால், சாப்டர் 13 (சொத்தை வைத்துக்கொண்டு வருமானத்திலிருந்து திட்டப்படி கட்டும் திவால் வகை) போட்டு நான்கு தவணை நிலுவையை மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் பிரித்துக் கட்டுவதே வழி. அந்தக் காலத்தில் நடப்புத் தவணையும் தவறக் கூடாது.

மாமாவுக்குக் கொடுத்த பணத்தை மறைக்காதீர்கள். மனுவுக்கு முந்தைய ஓராண்டுக்குள் நெருங்கிய உறவினருக்குக் கடனை அடைத்திருந்தால், திவால் வழக்கைக் கவனிக்க நியமிக்கப்படும் டிரஸ்டி அதை மாமாவிடமிருந்தே திரும்பக் கேட்க முடியும். மயிலாடுதுறைப் பங்கையும் எழுதியாக வேண்டும். சொத்து எந்த நாட்டில் இருந்தாலும் பட்டியலில் வர வேண்டும் என்பது விதி. நீங்கள் குடியிருக்காத அந்த வீட்டுக்கு டெக்சாஸ் விலக்கு கிடையாது. சாப்டர் 7இல் அதை விற்றால் கடன்காரர்களுக்கு என்ன கிடைத்திருக்குமோ, அதற்குக் குறையாத தொகையைச் சாப்டர் 13 திட்டத்தில் கொடுக்க வேண்டியிருக்கும். ஆகவே அந்தப் பங்குக்கு நியாயமான மதிப்பீடு ஒன்றை ஊரிலிருந்து இப்போதே வரவழையுங்கள்.

மறுமொழி – மீண்டுவந்தவள்

நாங்கள் இதைக் கடந்து வந்தவர்கள், அதனால் நாட்களைப் பற்றிச் சொல்கிறேன். டெக்சாஸில் வீட்டு ஏலம் மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமைதான் நடக்கும். குறைந்தது 21 நாட்களுக்கு முன் அறிவிப்புக் கடிதம் வரும். எங்களுக்கு வந்த கடிதத்தை ஒரு வாரம் பிரிக்காமலே குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைத்திருந்தேன், அவ்வளவு பயம். ஏலத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை மாலைதான் மனு பதிவானது. அதற்குள் பாத்திரங்களையெல்லாம் அட்டைப்பெட்டிகளில் கட்டிவிட்டோம், இட்லிப் பானை மட்டும் வெளியே இருந்தது. மனு பதிவான கணத்திலேயே வசூல் நடவடிக்கைகள் நின்றுவிடும். ஆனால் ஏலம் முடிந்த பிறகு போடும் மனுவால் வீடு திரும்பாது. மனுவுக்கு முன்பே கடன் ஆலோசனை வகுப்பை முடித்த சான்றிதழ் வேண்டும், அதை இன்றே தொடங்குங்கள்.

தாலியையும் நகைகளையும் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வீட்டில் அதுதான் முதல் கேள்வியாக இருக்கும். குடும்பத்துக்கான 1,00,000 டாலர் அசையும் சொத்து விலக்கில் நகைக்குக் கால் பங்குவரை, அதாவது 25,000 டாலர்வரை இடம் உண்டு.

மறுமொழி – ஃபைல்கட்டு

கார்களும் அதே 1,00,000 டாலர் விலக்குக்குள்தான் வருகின்றன. ஓட்டுநர் உரிமம் வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு வண்டி என்பது கணக்கு. மனைவியின் கார் அதில் அடங்கிவிடும் என்றே நினைக்கிறேன். உங்கள் கார் வாங்கி 910 நாட்கள் ஆகாததால், கடனை வண்டியின் இன்றைய மதிப்புக்குக் குறைக்க முடியாது. முழுத் தொகையையும் திட்டத்தில் சேர்க்க வேண்டும். வட்டி விகிதம் குறைய வாய்ப்பிருக்கிறது.

பிளேனோவாசி

இருவருக்கும் நன்றி. பத்திரம் மாற்றும் எண்ணத்தை விட்டுவிட்டேன். மாமாவிடம் இன்றிரவே பேசுகிறேன். டிரஸ்டியின் கடிதத்தைப் பார்த்து அவர் முதன்முதலில் இதைத் தெரிந்துகொள்ளக் கூடாது.