இது என்ன மிளகாய், எப்போது பறிக்கலாம்?

வணக்கம். நான்கு தொட்டிகளில் மிளகாய் போட்டேன். பெயர் எழுதிச் செருகிய குச்சிகளில் மை கரைந்து, இப்போது வெறும் குச்சிகள்தான் மிச்சம். செடிகளோ காய்த்துத் தள்ளுகின்றன.

முதல் தொட்டி குடைமிளகாய், அதில் குழப்பம் இல்லை. இரண்டாவதில் கட்டைவிரல் பருமனில் கரும்பச்சைக் காய்கள். தோலில் நகத்தால் கீறியது போல வெளிர்பழுப்புக் கோடுகள். நோய் என்று பயந்து இரண்டைப் பறித்து எறிந்துவிட்டேன். அப்புறம்தான் ஹாலபீனோ என்ற மெக்சிகோ மிளகாய் முற்றும்போது இப்படிக் கோடு விழும் என்று படித்தேன். அதுதானா இது?

மூன்றாவதுதான் பெரிய புதிர். ஒரே கணுவில் இரண்டு மூன்று பூக்கள். காய் கசங்கிய காகித விளக்கு மாதிரி இருக்கிறது. காம்போடு சேரும் இடத்தில் கயிறு கட்டி இறுக்கியது போல ஒரு வளையம். கடும் காரமான ஹபனேரோ மிளகாய் இனமாக இருக்குமோ? கடித்துப் பார்க்கத் துணிவில்லை. நான்காவதில் சின்னச் சின்னக் காய்கள் வானத்தைப் பார்த்து நிற்கின்றன. ஊதாவில் தொடங்கி ஆரஞ்சாகிச் சிவக்கின்றன. இதைச் சமையலுக்கு எடுக்கலாமா, அழகுக்கு மட்டும்தானா?

இன்னொன்று. பச்சையாகப் பறித்தால் செடி தொடர்ந்து பூக்கும், பழுக்க விட்டால் சுவை கூடும் என்பது சரி. ஆனால் தொட்டிச் செடிக்கு எது நல்லது? குடைமிளகாய் மூன்று வாரமாக அதே அளவில், அதே பச்சையில் நிற்கிறது. காத்திருக்கவா, பறிக்கவா? போன வாரம் ஒரு காயைக் கையால் இழுத்ததில் கிளையே முறிந்து வந்துவிட்டது. இப்போது கத்தரிக்கோலோடுதான் போகிறேன்.

பூவைப் பார்த்தே இனம் சொல்லத் தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள், கிட்டத்தில் படம் எடுத்துப் போடுகிறேன்.