பழைய டர்போ டீசல் காரில் எஞ்சின் சூடானதும் ஆயில் பிரஷர் விளக்கு எரிகிறது: டர்போவை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி (தக்கலை)

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2009ஆம் ஆண்டு பதிவான 1.3 லிட்டர் டர்போ டீசல் கார். இதுவரை 1,87,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அப்பா வாங்கிய வண்டி என்பதால் விற்க மனம் வரவில்லை.

மூன்று வாரங்களுக்கு முன் அம்மாவைத் திருவனந்தபுரத்தில் மருத்துவரிடம் காட்டிவிட்டுத் திரும்பும்போது, களியக்காவிளை தாண்டிக் குழித்துறை வரை ஊர்ந்து வந்த நெரிசலில் ஆயில் பிரஷர் விளக்கு மினுங்கத் தொடங்கியது. ஆக்சிலரேட்டரைச் சற்று மிதித்தால் அணைகிறது, ஐடிலுக்கு, அதாவது ஆக்சிலரேட்டரைத் தொடாத நிலைக்கு, வந்தால் மீண்டும் எரிகிறது. காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது எந்தக் குறையும் தெரிவதில்லை. டிப்ஸ்டிக்கில் ஆயில் இரண்டு கோடுகளுக்கும் இடையில்தான் நிற்கிறது.

மூன்று பணிமனைகளில் கேட்டேன். 20டபிள்யூ-50 என்ற கெட்டியான ஆயில் ஊற்றினால் போதும் என்றார் ஒருவர். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்றார் இன்னொருவர். மூன்றாமவர் எஞ்சினை இறக்கி, அதன் தண்டைத் தாங்கும் பேரிங்கை மாற்றச் சொல்கிறார். ஒருவரும் அளந்து பார்க்கவில்லை. எதிலிருந்து தொடங்குவது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி (நாகர்கோவில், டீசல் எஞ்சின் வேலை செய்பவர்)

தம்பி, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த விளக்கு எரியும்போது வண்டியை ஓட்டாதீர்கள். பெரும்பாலான கார்களில் அந்த விளக்கின் சுவிட்ச், பிரஷர் ஏறத்தாழ 0.3 முதல் 0.6 பாருக்குக் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) கீழே இறங்கிய பிறகுதான் விளக்கை எரியவிடும். ஆகவே அது முன்னெச்சரிக்கை அன்று, எண்ணெய் அநேகமாகப் போய்ச் சேரவில்லை என்ற செய்தி. டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்வது, அதைத் தாங்கி நிற்பது மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டுமே. உங்கள் வகை எஞ்சினில் வால்வுகளை இயக்கும் டைமிங் செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரும் இதே பிரஷரில்தான் வேலை செய்கிறது.

இரண்டாவதாக, சுவிட்சைக் கழற்றிவிட்டு அதே துளையில் அடாப்டர் வைத்து ஒரு மெக்கானிக்கல் கேஜை (முள் உள்ள அழுத்தமானி) மாட்டி அளக்கச் சொல்லுங்கள். சுவிட்சே கெட்டிருந்தால் சில நூறு ரூபாயில் கவலை தீர்ந்துவிடும். குளிர்ந்த நிலையில் ஓர் அளவு, இருபது நிமிடம் ஓட்டிச் சூடாக்கியபின் ஐடிலில் ஓர் அளவு, பிறகு நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஒரு நிமிடம் பிடித்து வைத்து ஓர் அளவு என்று மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆயிரம் சுற்றுக்கு ஏறத்தாழ 0.7 பார் இருக்க வேண்டும் என்பது தொழிலில் உள்ள பொதுக் கணக்கு. ஆனால் உங்கள் எஞ்சினுக்குரிய கையேட்டில் உள்ள அளவே இறுதியானது.

கேள்வி ஒன்று. அண்மையில் எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பைக் கழற்றினார்களா? வேகமாக ஓட்டும்போது எப்போதாவது விளக்கு எரிந்ததா?

மறுமொழி (குலசேகரம்)

என் வண்டியிலும் இதே தொல்லை இருந்தது. 20டபிள்யூ-50 ஊற்றிய நாளிலிருந்து விளக்கு எரியவில்லை, ஓராண்டாகப் பேச்சிப்பாறைக்கும் நாகர்கோவிலுக்கும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். நம் ஊர் வெப்பத்துக்குக் கெட்டியான ஆயில்தான் பொருந்தும் என்பது என் அனுபவம். பெருஞ்செலவுக்கு முன் இதை முயன்று பார்ப்பதில் தவறில்லை என்று நினைக்கிறேன்.

கேள்வி கேட்டவர்

அண்ணாச்சி, நீங்கள் கேட்ட பிறகுதான் இரண்டு செய்திகள் நினைவுக்கு வந்தன. நான்கு மாதங்களுக்கு முன் அருமனைப் பக்கம் ரப்பர் தோட்டச் சாலையில் கல் இடித்துச் சம்ப் கசிந்தது. கழற்றித் தட்டி நிமிர்த்தி, சிலிக்கான் பசை தடவி மாட்டிக் கொடுத்தார்கள். மற்றொன்று, சென்ற வாரம் ஆரல்வாய்மொழி வழியாகத் திருநெல்வேலிக்குச் சென்றபோது நான்குவழிச் சாலையில் ஏறத்தாழ 3,000 சுற்றில் விளக்கு ஒருமுறை எரிந்தது. ஓரமாக நிறுத்திப் பத்து நிமிடம் கழித்துக் கிளம்பியபோது எரியவில்லை.

மறுமொழி (நாகர்கோவில், டீசல் எஞ்சின் வேலை செய்பவர்)

இந்த இரண்டும்தான் முக்கியம். பேரிங் தேய்ந்த எஞ்சினில் சூடான ஐடிலில் பிரஷர் விழும், சுற்று ஏற ஏற அதுவும் ஏறும். ஓட ஓடப் பிரஷர் விழுந்து, நிறுத்திச் சற்று நேரம் கழித்து மீண்டுவிட்டால், ஆயில் பம்ப் உறிஞ்சும் இடத்தில் அடைப்பு என்றுதான் நான் முதலில் சந்தேகிப்பேன். கிணற்று மோட்டாரின் ஃபுட் வால்வில் சருகு அடைத்தால் மோட்டார் ஓடும், தண்ணீர் ஏறாது. நிறுத்தினால் சருகு விலகும், மறுபடி போட்டால் கொஞ்ச நேரம் இறைக்கும். சம்ப்பின் அடியில் உள்ள ஸ்ட்ரெய்னர் என்ற வடிகட்டும் வலையும் அப்படித்தான். அளவுக்கு மீறித் தடவிய சிலிக்கான் உட்புறமாகப் பிதுங்கி, காய்ந்து, துணுக்காக உதிர்ந்து அங்கேதான் போய் ஒட்டும். நிமிர்த்திய சம்ப்பில் பள்ளம் மீந்திருந்தால், ஸ்ட்ரெய்னருக்கும் அடித்தட்டுக்கும் உள்ள இடைவெளியும் குறைந்திருக்கும்.

குலசேகரத்து நண்பர் சொன்னதை நான் மறுக்கவில்லை. தேய்ந்த பேரிங்கில் கெட்டியான ஆயில் கேஜின் முள்ளை உயர்த்தும். ஆயிலின் இரண்டாவது எண் 100 டிகிரியில் அதன் கெட்டித்தன்மையைக் குறிப்பது. 50 எண் ஆயில் 30 எண் ஆயிலைவிட அந்த வெப்பத்தில் ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்கு மேல் கெட்டியானது. ஆனால் ஸ்ட்ரெய்னர் அடைத்திருக்கும் வண்டியில் கெட்டியான ஆயிலை உறிஞ்சுவது பம்புக்கு இன்னும் கடினம், காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் டர்போவுக்கு எண்ணெய் சேரும் நேரமும் கூடும். கையேட்டில் 5டபிள்யூ-40 அனுமதிக்கப்பட்டிருந்தால் அதை ஊற்றலாம். அதற்கு மேல் போவதென்றால் அளந்து, காரணம் தெரிந்த பிறகு போங்கள்.

மறுமொழி (கோட்டார், அரசுப் பேருந்துப் பணிமனையில் பணியாற்றி ஓய்வுபெற்றவர்)

மேலே சொன்னவற்றை ஆமோதிக்கிறேன். இன்னும் இரண்டைச் சேர்க்கிறேன். டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். இன்ஜெக்டர் கசிந்து டீசல் கலந்தால் ஆயில் நீர்த்துவிடும். அப்போது ஆயில் மட்டம் குறையாமல், ஏறவும் கூடும்.

டர்போவை மாற்றச் சொன்னவரிடம், காற்றுக்குழாயைக் கழற்றித் தண்டை விரலால் அசைத்துக் காட்டச் சொல்லுங்கள். பக்கவாட்டில் மிகச் சிறிய அசைவு இருப்பது இயல்பு. முன்னும் பின்னும் கையில் உணரும்படி அசைந்தாலோ, இறக்கை உட்சுவரை உரசியிருந்தாலோ அது தேய்ந்ததுதான். பிரஷர் குறைவதற்கு டர்போ காரணமாவது அரிது, குறைந்த பிரஷருக்கு டர்போ பலியாவதே வழக்கம். காரணத்தைச் சரிசெய்யாமல் புது டர்போ மாட்டினால் அதுவும் அதே வழியில் போகும். டர்போவின் சீல் கெட்டு எண்ணெய் காற்றுவழியில் இறங்கினால், டீசல் எஞ்சின் அந்த எண்ணெயையே எரித்துத் தானாக வேகமெடுக்கும், சாவியைத் திருப்பினாலும் நிற்காது. அந்த நிலை வந்தால் பிரேக்கை அழுத்திப் பிடித்து, உயர்ந்த கியரில் கிளட்சை விட்டு எஞ்சினை அணைக்க வேண்டும். நேரில் பார்த்தவன் என்பதால் வற்புறுத்திச் சொல்கிறேன்.

கேள்வி கேட்டவர் (ஒன்பது நாள் கழித்து)

வண்டியை இழுவை வண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோனேன். கேஜ் மாட்டியதில் குளிர்ந்த ஐடிலில் 2.6 பார், சூடான ஐடிலில் 0.4 பார் இருந்தது. 3,000 சுற்றில் 2.2 வரை ஏறி, ஒரு நிமிடத்துக்குள் 1.1க்கு இறங்கிவிட்டது. அந்த முள் இறங்குவதைப் பார்த்தவுடன் சம்ப்பை இறக்கச் சொன்னேன். ஸ்ட்ரெய்னர் வலையில் பாதிக்கு மேல் சிலிக்கான் துணுக்குகளும் கரிய சகதியும் அப்பியிருந்தன. புது ஸ்ட்ரெய்னர், அதன் ஓ-ரிங், பள்ளமில்லாத சம்ப், ஃபில்டர், கையேட்டில் உள்ள 5டபிள்யூ-40 ஆயில் ஆகியவற்றைப் போட்டோம். டர்போவுக்கு எண்ணெய் செல்லும் குழாயையும் கழற்றிப் பார்த்தோம், அடைப்பில்லை. தண்டிலும் முன்பின் அசைவு இல்லை.

இப்போது சூடான ஐடிலில் 1.0 பார், 3,000 சுற்றில் 3.4 பார், இறங்காமல் நிற்கிறது. செலவு டர்போவுக்குக் கேட்ட தொகையில் நான்கில் ஒரு பங்குகூட ஆகவில்லை. ஐடிலில் உள்ள இந்த 1.0 போதுமா, அண்ணாச்சி?

மறுமொழி (நாகர்கோவில், டீசல் எஞ்சின் வேலை செய்பவர்)

இத்தனை ஓடிய எஞ்சினுக்குப் போதும் தம்பி. பேரிங் சற்றுத் தேய்ந்திருக்கும், இப்போதைக்கு அதைத் தொட வேண்டாம். உள்ளே மீந்த சகதி கரைந்து வரும் என்பதால் இந்த ஆயிலையும் ஃபில்டரையும் 2,000 கிலோமீட்டரில் மாற்றிவிடுங்கள், அப்போதே மறுபடி கேஜ் வைத்து அளந்து, இன்றைய எண்களுக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள். நெடுந்தூரம் வேகமாக வந்து நிறுத்தும்போது, சாவியை அணைக்கும் முன் ஒரு நிமிடம் ஐடிலில் விடுங்கள்; சூடான தண்டில் தேங்கிய எண்ணெய் கருகாமல் இருக்கும். அடுத்த முறை சம்ப்பை மாட்டும்போது அருகில் நின்று, சிலிக்கானை மெல்லிய கோடாகத் தடவுகிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.