பரவாக் கழலை: நுரையீரலின் பினைன் ட்யூமருக்கு ஒரு பெயர்

நண்பர்களுக்கு வணக்கம்.

நுரையீரலில் தோன்றும் பினைன் ட்யூமரை, அதாவது புற்றுநோயல்லாத செல் வளர்ச்சியை, தமிழில் ‘தீங்கற்ற கட்டி’ என்றே வைத்துக்கொள்ளலாம் எனப் பலரும் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பெயரின் இரு சொற்களுமே நோயாளிக்குத் தவறான பொருளைத் தருகின்றன என்பது என் கருத்து. நான் எழுதிய விளக்கக் குறிப்பு ஒன்றை ஒரு மூதாட்டிக்கு வாசித்துக் காட்டியபோதுதான் இது எனக்கு உறைத்தது. பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அது எப்போது பழுத்து உடையும்?” என்றார். பேச்சு வழக்கில் கட்டி என்றால் முதலில் நினைவுக்கு வருவது சீழ்க்கட்டிதான். அவர் கேட்டதில் பிழையில்லை. “தீங்கில்லை என்றால் எனக்கு ஏன் இவ்வளவு இருமல்?” என்றும் கேட்டார். என் குறிப்பில் அதற்கு விடையே இல்லை.

ட்யூமருக்குக் ‘கழலை’ போதும். ‘முன்கழுத்துக் கழலை’ என்று ஏற்கெனவே வழங்கும் சொல் அது, சீழை நினைவூட்டுவதில்லை.

‘தீங்கற்ற’ என்பதே பெரிய சிக்கல். மூச்சுக்குழலுக்குள் வளரும் கழலை காற்று செல்லும் வழியை அடைத்தால், அடைப்புக்கு அப்பால் சளி தேங்கி அதே இடத்தில் மீண்டும் மீண்டும் நிமோனியா வரலாம். சளியில் இரத்தமும் வரலாம். இவையெல்லாம் தீங்குதான். அதனிடம் இல்லாதது, அடுத்துள்ள திசுவைத் துளைத்துச் செல்வதும் இரத்தம், நிணநீர் வழியே வேறு உறுப்புகளில் குடியேறுவதும் ஆகிய புற்றின் குணமே. அந்த இன்மையை வைத்தே பெயரிட்டு, ‘பரவாக் கழலை’ எனலாம் என முன்மொழிகிறேன்.

தொடக்க நிலையிலுள்ள புற்றுநோயும் ‘இன்னும் பரவாதது’தானே என்று ஒருவர் கேட்கக்கூடும். நியாயமான ஐயம். ஆனால் வாடாமல்லி என்னும்போது, அந்தப் பூ இன்று வாடவில்லை என்றா பொருள்கொள்கிறோம்? வாடும் இயல்பே அதற்கில்லை என்றுதான் கொள்கிறோம். காலம் காட்டாத இந்த எதிர்மறைப் பெயரெச்சம் இயல்பைச் சொல்வதற்கென்றே அமைந்ததுபோல் இருக்கிறது. ‘புற்றல்லாக் கட்டி’ என்ற மாற்றுச் சொல்லோ காசநோய்த் தழும்பையும் சீழ்க்கட்டியையும் சேர்த்தே அள்ளிக்கொள்ளும்.

ஹமார்ட்டோமா என்னும் கழலை வகையைப் ‘பிழைக்கழலை’ எனலாமா என்ற கேள்விக்கு: வேண்டாம். நுரையீரலின் பரவாக் கழலைகளில் ஏறத்தாழ 75 விழுக்காடு இதுவே. குருத்தெலும்பும் கொழுப்பும் கலந்து மெல்ல வளரும். சிடி படத்தில் சோளப்பொரி போன்ற சுண்ணாம்புப் படிவு தெரிவதுண்டு. புற்றாக மாறுவது மிக மிக அரிது. 1904இல் ஜெர்மன் நோயியலாளர் ஆல்பிரெக்ட், ‘பிழை’ என்னும் பொருள்தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து இப்பெயரை அமைத்தார். ஆனால் நுரையீரல் ஹமார்ட்டோமாக்கள் பலவற்றில் மரபணு இடமாற்றம் இருப்பது பின்னர் தெரியவந்ததால், இது வளர்ச்சிப் பிழையன்று, உண்மையான கழலையே என்ற கருத்து வலுத்துவிட்டது. காலாவதியான விளக்கத்தை நாம் புதிதாகத் தமிழில் பதிக்க வேண்டியதில்லை. நுரையீரலிலும் தோன்றும் கார்சினாய்டு என்னும் கழலையின் கதையும் இதுவே: புற்றைப் போன்றது, ஆனால் புற்றன்று என எண்ணி 1907இல் ஜெர்மன் நோயியலாளர் ஓபர்ன்டார்ஃபர் இட்ட பெயர் அது, அதுவும் பரவக்கூடும் என 1929இல் அவரே ஒப்புக்கொண்டார். ஆகவே கார்சினாய்டைப் பரவாக் கழலைகளின் பட்டியலில் சேர்க்கக்கூடாது.

புற்றுநோயோடு உண்மையான உறவுடையவற்றுக்குத் தனிப்பெயர் தேவை. பெரும்பாலும் 5 மி.மீ.க்கு மிகாத இயல்பு பிறழ்ந்த சுரப்பிச் செல் பெருக்கத்தை, அடினோகார்சினோமா என்னும் சுரப்பிச் செல் புற்றுக்கு முந்தைய நிலையாக உலக சுகாதார அமைப்பின் 2021 வகைப்பாடு வைத்திருக்கிறது. அதைப் ‘புற்று முந்துநிலை’ என்போம். மூச்சுக்குழலுக்குள் மருப்போல வளரும் பாப்பில்லோமா பரவாக் கழலைதான்; எனினும் அரிதாகப் புற்றாக மாறியதுண்டு என்பதால், அருகே ஒரு குறிப்பு இருக்கட்டும்.

குறிப்பை இப்படித் திருத்தியிருக்கிறேன்: “உங்கள் நுரையீரலில் இருப்பது பரவாக் கழலை. இது புற்றுநோயன்று, வேறு உறுப்புக்குச் செல்லாது. ஆனால் மூச்சுக்குழலை அடைப்பதால் இருமல் வருகிறது. அதற்காகவே இதை அகற்றுகிறோம்.” இதில் எந்தச் சொல் இடறினாலும் எழுதுங்கள்.