குறுவை நெல்லில் காய்ச்சலும் பாய்ச்சலும்: நீர்மட்டக் குழாய் வைப்பது எப்படி?

மன்னை வயல்:
வணக்கம். மன்னார்குடிப் பக்கம் மூன்று ஏக்கர் களிமண் வயல், ஆழ்துளைக் கிணற்றுப் பாசனம். மேட்டூர் அணைத் திறப்பை நம்பி நாற்று விட முடியவில்லை. 2022ல் மே 24லேயே திறந்தார்கள், 2024ல் ஜூலை 28 வரை இழுத்தது. அதனால் இந்தக் குறுவை முழுக்க மோட்டார் தண்ணீர்தான். ரகம் ஆடுதுறை 53. காய்ச்சலும் பாய்ச்சலும், அதாவது வயலைச் சிறிது காயவிட்டு மறுபடி தண்ணீர் கட்டும் முறையில், துளை போட்ட குழாயைப் பதித்து, நீர்மட்டம் பார்த்துப் பாய்ச்சலாம் என்றிருக்கிறேன். குழாய் அளவு என்ன? எப்போது தொடங்கி எப்போது நிறுத்துவது? வயல் காய்ந்தால் களை மண்டாதா?

வெண்ணாற்றங்கரை:
4 அங்குலம் அல்லது 6 அங்குல பி.வி.சி. குழாயில் 30 செ.மீ. துண்டு போதும். கீழ்ப் பாதி 15 செ.மீ.க்குச் சுற்றிலும் 5 மி.மீ. துளைகள், 2 செ.மீ. இடைவெளியில். நடவு முடிந்து சேறு படிந்த பிறகு துளைப் பாதி மண்ணுக்குள் போகிற மாதிரி இறக்குங்கள். உழவுக்கு அடியில் இறுகிக் கிடக்கும் கடினப் படிவத்தை உடைத்துக்கொண்டு போகக்கூடாது, உடைந்தால் அந்த இடத்தில் தண்ணீர் கீழே ஓடிவிடும். பிறகு உள்ளே இருக்கும் சேற்றைக் கையால் முழுக்க அள்ளி எடுங்கள். இதைச் செய்யாமல் விடுவதால்தான் பல வயல்களில் குழாய் தப்பு காட்டுகிறது.

வயல் பள்ளத்திலோ மேட்டிலோ வைக்காதீர்கள். வரப்பிலிருந்து ஒரு மீட்டர் உள்ளே, நடுத்தர மட்டமுள்ள இடம் சரி. மட்டம் மாறும் ஒவ்வொரு வயலுக்கும் தனிக் குழாய் வேண்டும்.

நட்டபின் 2 செ.மீ. தண்ணீரில் வேர் பிடிக்கட்டும். பதினைந்தாம் நாள் வரை 2 முதல் 5 செ.மீ. நிறுத்துங்கள், அதற்கப்புறம் காய்ச்சல். 5 செ.மீ. கட்டி, குழாய்க்குள் மட்டம் மண்ணுக்குக் கீழே 15 செ.மீ. இறங்கும் வரை விட்டுவிடலாம். குழாயின் மேல் விளிம்பிலிருந்து அளந்தால் 30 செ.மீ., அதாவது அடி மண் தெரியும்போது மோட்டார் போடுங்கள்.

25 நாள் நாற்று நட்டால் ஆடுதுறை 53 போன்ற 110 நாள் ரகம் நட்ட 55 நாள் வாக்கில் பூக்கும். பூப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்து பூத்து ஒரு வாரம் வரை 5 செ.மீ. தண்ணீர் இருந்தே ஆக வேண்டும். அந்த நேரத்தில் காய்ந்தால் மகரந்தம் கெட்டுப் பதர் விழும். ஜூலை, ஆகஸ்ட் வெயிலுக்கு இதில் துளியும் கஞ்சத்தனம் வேண்டாம். அதன் பிறகு மறுபடி காய்ச்சல், அறுவடைக்கு 10, 15 நாள் முன்னால் நிறுத்தம்.

களிமண் காணி:
மேலே சொன்னதில் 15 செ.மீ. மட்டும் களிமண்ணுக்கு நிறுத்தி யோசிக்க வேண்டியது. மண்ணில் மயிரிழை வெடிப்பு வரும்போதே பாய்ச்சிவிட வேண்டும். விரல் நுழையும் அளவு வெடித்துவிட்டால் அடுத்த பாய்ச்சலில் தண்ணீர் வெடிப்பு வழியாகக் கீழே போய்விடும், மிச்சம் பிடித்ததை விட அதிகமாகச் செலவாகும். உங்கள் வயலுக்கு 10 செ.மீ.யில் தொடங்குங்கள். வெடிப்பு இல்லையென்றால் அடுத்த சுற்றில் 12, பிறகு 15 என்று இறக்கலாம்.

மோட்டார் ஓடும் நேரத்தையும் கணக்கு வையுங்கள். ஒரு ஏக்கரில் 1 செ.மீ. தண்ணீர் என்பது சுமார் 40,000 லிட்டர், 5 செ.மீ. என்றால் இரண்டு லட்சம். 200 லிட்டர் டிரம் 20 நொடியில் நிறைந்தால் விநாடிக்கு 10 லிட்டர், ஒரு ஏக்கருக்கு ஐந்தரை மணி நேரம் ஆகும். இதற்கு மேல் ஓடுகிறதென்றால் வாய்க்காலிலோ நண்டு வளையிலோ தண்ணீர் போகிறது. பரம்படிப்பில் 3 செ.மீ. ஏற்ற இறக்கம் விட்டுவிட்டால், மேட்டை நனைக்கவே பள்ளத்தில் பல்லாயிரம் லிட்டர் தேங்கும். சேறு கலக்கும்போதே மட்டம் பாருங்கள், லேசர் சமன்படுத்தும் கருவி கிடைத்தால் உழவுக்கு முன்பே போட்டுவிடுங்கள்.

ஆடுதுறை நெல்:
களையைப் பற்றி: பதினைந்து நாள் தண்ணீர் நிறுத்தச் சொல்வதே அதற்காகத்தான். நட்ட 3ஆம் நாள் ஏக்கருக்குப் பிரிட்டிலாகுளோர் 50 சதவீதக் களைக்கொல்லி 600 மி.லி.யை 20 கிலோ காய்ந்த மணலில் கலந்து, 2.5 செ.மீ. தண்ணீர் இருக்கும்போது வீசுங்கள். மூன்று நாள் வடிக்கவோ புதுத் தண்ணீர் விடவோ வேண்டாம். வரிசை நடவாக இருந்தால் பிறகு கோனோவீடர் என்ற கையால் தள்ளும் களைக்கருவியை ஓட்டலாம். சேற்றில் 2 செ.மீ. தண்ணீர் நிற்கும்போது ஓட்டினால்தான் உருளும், காய்ந்த களியில் நகராது.

யூரியாதான் இந்த முறையில் பெரிய பலவீனம். காயும்போது தழைச்சத்து நைட்ரேட்டாக மாறுகிறது, மறுபடி நனையும்போது அது வாயுவாகப் போகிறது. அந்த வாயுவில் ஒன்று நைட்ரஸ் ஆக்சைடு, சூட்டைக் கூட்டும் தன்மை உடையது. தொடர்ந்து தண்ணீர் நின்றால் வரும் மீத்தேனைக் காய்ச்சல் ஏறத்தாழ பாதியாகக் குறைக்கிறது, அந்தப் பலனை யூரியாவில் இழக்க வேண்டாம். ஏக்கருக்கு 130 கிலோ யூரியாவை நான்கு பங்காக்கிக் கொடுங்கள். மேலுரம் போடும் நாள், மட்டம் இறங்கி அடுத்த பாய்ச்சலுக்கு முந்தைய நேரமாக இருக்கட்டும். வீசியவுடன் தண்ணீர் கட்டினால் உரம் மண்ணுக்குள் இறங்கும். நின்ற தண்ணீரில் வீசினால் வெயிலில் அம்மோனியாவாகப் பறந்துவிடும். இலையின் பச்சை நிறத்தை ஒப்பிட்டுத் தழைச்சத்துத் தேவையைக் காட்டும் இலை வண்ண அட்டை வைத்துப் பார்த்துப் போட்டால் இன்னும் குறைக்கலாம்.

துத்தநாகக் குறை டெல்டாவில் சாதாரணம். நடவுக்கு முன் ஏக்கருக்கு 10 கிலோ சிங்க் சல்பேட்டை மணலோடு தூவுங்கள், சூப்பர் பாஸ்பேட்டோடு கலக்காதீர்கள். இளம் இலை நடுநரம்போரம் வெளுத்தால் 10 லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் சிங்க் சல்பேட், 100 கிராம் யூரியா கலந்து தெளியுங்கள்.

கடைமடை:
இதைப் படிக்கும் கடலோர வேதாரண்யம், தலைஞாயிறு பக்கத்துக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. உப்பு மண்ணிலும் உப்புத் தண்ணீரிலும் காய்ச்சல் போடாதீர்கள். வயல் காய்ந்தால் அடியுப்பு மேலே ஏறி வேரோடு சேரும், பயிர் நுனி கருகும். மோட்டார் தண்ணீரின் உப்பளவைக் காட்டும் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 2 டெசிசைமன்ஸைத் தாண்டினால், வயலைக் காயவிடாமல் மெல்லிய படலமாகத் தண்ணீரை நிறுத்தி வைப்பதுதான் பாதுகாப்பு. தண்ணீரையும் மண்ணையும் முதலில் மண் பரிசோதனை நிலையத்தில் பாருங்கள்.

மன்னை வயல்:
நன்றி. குழாய் வைத்துவிட்டேன். இரண்டு வயலில் மட்டம் சீராக இறங்குகிறது. ஒன்றில் ஆறு நாளாகியும் இறங்கவே இல்லை, வெளியே தண்ணீரும் இல்லை. ஏன்?

வெண்ணாற்றங்கரை:
முதலில் துளை அடைப்பு பாருங்கள். குழாய்க்குள் ஒரு குவளை தண்ணீர் ஊற்றி மட்டத்தைக் குறித்து வையுங்கள். சில மணி நேரத்தில் பழைய மட்டத்துக்கு வராவிட்டால் துளை களியில் அடைத்திருக்கிறது. பிடுங்கி, குச்சியால் துளைகளைக் குத்தி, ஒரு முழம் தள்ளிப் பதியுங்கள்.

பழைய மட்டத்துக்கு வந்துவிட்டால் குழாய் சரி, அடுத்த வயலின் தண்ணீர் வரப்படியில் ஊறி வருகிறது என்று அர்த்தம். அந்தப் பக்க வரப்பின் உள்முகத்தை அரையடி வெட்டிச் சேறு பூசி, நண்டு வளைகளை அடையுங்கள். அதுவரை அந்த வயலுக்கு மோட்டார் போடாதீர்கள். ஊறிவரும் தண்ணீரே பயிருக்குப் போதும்.