‘ஆச்சி வளவு’ குழு, புதன் இரவு

17.09.2025

[7:42] குகன்: எல்லாரும் இருக்கிறீர்களா? அவசர அலுவல். பின்னேரம் பவானி அண்ணி வீட்டுக்கு இரண்டு பேர் வந்தவை. ஒருவர் ரவி அண்ணாவை அடித்த டிப்பரின் முதலாளியின் ஆள், மற்றவர் இன்சூரன்ஸ் பக்கம். 6 இலட்சம் தருவார்களாம். ஆங்கிலத்தில் இரண்டு பக்கக் கடதாசி. வெள்ளிக்கிழமை திரும்பி வருவார்களாம், கையெழுத்து வைத்துத் தரட்டாம்.

[7:43] வதனி: வைத்துவிட்டாவா???

[7:44] குகன்: இல்லை. கண்ணாடி திருத்தக் கொடுத்திருக்கு, வாசிக்க ஏலாது என்று சொல்லி அனுப்பிவிட்டா.

[7:44] வதனி: அண்ணி கண்ணாடியே போடுவதில்லையே

[7:45] குகன்: அதுதான்

[7:51] சிவா ஸ்காபரோ: வேலையில் நிற்கிறேன். 6 இலட்சமா? ஒரு உயிருக்கா? இங்கே ஒன்ராறியோவில் என்றால் மனைவி, பிள்ளை, தாய் தகப்பன், சகோதரம் எல்லாரும் சேர்ந்து கேட்கலாம். லோயருக்கும் வென்றால்தான் காசு.

[7:52] தேவி மாமி: அங்கே பனியும் கொட்டும்.

[7:53] வதனி: 😂 மாமி

[7:58] தேவி மாமி: நான் சொல்வது, கிடைப்பதை வாங்கிக்கொண்டு பேசாமல் இருக்கலாம். பொலிஸ் வழக்கு ஒன்று நடக்குதுதானே. கோடு கச்சேரி என்று போனால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். கிணற்றடிப் பாதைக்கு 11 வருடம்.

[7:59] குஞ்சியப்பா: அதில் வழக்காளி நீ.

[7:59] தேவி மாமி: எதிராளி ஆர்?

[8:00] வதனி: ரெண்டு பேரும் இண்டைக்கு வேண்டாம் ப்ளீஸ்

[8:14] குஞ்சியப்பா: அனைவருக்கும் வணக்கம். கோட்டில் முதலியாராக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன், பொறுமையாக வாசிக்கவும். நீதவான் நீதிமன்றத்தில் நடப்பது அரசாங்கம் சாரதி மேல் போட்ட குற்ற வழக்கு, தண்டனைச் சட்டக்கோவை 298. கவனயீனத்தால் மரணம், கூடினால் 5 வருடம் மறியல் (சிறை). அது சாரதிக்குத் தண்டனை. பவானிக்கு நட்டஈடு வேண்டுமென்றால் மாவட்ட நீதிமன்றத்தில் தனி வழக்குப் போட வேண்டும். விபத்து கொடிகாமத்தில் நடந்தபடியால் சாவகச்சேரியில் போடலாம். இதற்குக் கால எல்லை 2 வருடம். பொலிஸ் வழக்கு முடியட்டும் என்று பார்த்திருந்தால் இந்தக் கால எல்லை நமக்காக நிற்காது.

[8:15] குகன்: 2 வருடம் என்றால் எப்ப?

[8:16] வதனி: அண்ணா போனது தீபாவளிக்கு முதல் நாள். இந்த முறை தீபாவளி ஒக்டோபர் 20. ஐயோ ஒரு மாதம்தான்

[8:17] தேவி மாமி: திவசமும் அதோடுதான் வருகுது. ஐயர் சொல்லிவிட்டார்.

[8:19] குஞ்சியப்பா: கோட்டுக்குத் திதி தெரியாது. 2023 நவம்பர் 11 ஆம் தேதி. ஆகவே இந்த நவம்பர் 11 க்கு முதல் வழக்கு உள்ளே போயிருக்க வேண்டும். கடைசிக் கிழமை வரை பார்த்திருக்கக் கூடாது.

[8:20] செல்வன் பாரிஸ்: திவசத்துக்கு யார் சமைக்கிறது? போன முறை சாம்பாரில் உப்பே இல்லை என்று அம்மா சொன்னா

[8:20] குகன்: டேய்

[8:33] குஞ்சியப்பா: இரண்டாவது விடயம். முந்தி எங்கள் சட்டத்தில் உழைத்துத் தந்தவர் இறந்தால் அந்த வருமான இழப்புக்குத்தான் நட்டஈடு. மனவேதனைக்குச் சதமும் இல்லை. கொழும்பில் 1992 இல் ஒரு சிறு பிள்ளை இறந்து, மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் கொடுத்தது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2001 இல், ஒல்லாந்தர் காலத்திலிருந்து வந்த றோமன் டச்சுச் சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று முடிந்தது. பிறகு 2019 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. இப்போது அன்பும் துணையும் இழந்ததற்கும் குடும்பத்தார் கேட்கலாம். அந்தக் கடதாசியில் ‘இத்தோடு முழுதும் தீர்ந்தது’ என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். கையெழுத்து வைத்தால் இதெல்லாம் போச்சு.

[8:34] சிவா ஸ்காபரோ: நான் சொன்னதைத்தான் குஞ்சியப்பாவும் சொல்கிறார்.

[8:34] வதனி: எதை?

[8:36] தேவி மாமி: குடும்பத்தார் என்றால் அதில் பெத்த தாயும் வருமா, இல்லை பெண்சாதி மட்டும்தானா? சும்மா கேட்கிறேன்.

[8:37] குஞ்சியப்பா: தாயும் வரும்.

[8:49] பவானி: அவரின் அம்மாவின் பெயர் இல்லாமல் நான் ஒரு வழக்கும் போட மாட்டேன். அதைப் பற்றி இங்கே கதைக்கத் தேவையில்லை.

[8:50] வதனி: அண்ணி ❤️

[8:53] பவானி: எனக்குப் பயம் காசுக்கில்லை. புருஷன் செத்ததைக் காட்டிக் காசு கேட்கிறாள் என்று ஊர் சொல்லும். ஆனால் மோட்டார் சைக்கிள் லீசிங் இன்னும் வருகுது. அது பொலிஸ் வளவில் கொடி படர்ந்து கிடக்குது, மாதாமாதம் காசு நான் கட்டுகிறேன்.

[8:54] குகன்: ஊர் எப்பதான் சொல்லாமல் இருந்தது

[9:02] குஞ்சியப்பா: பிள்ளை, மரண விசாரணை அறிக்கை, சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கை, மரணச் சான்றிதழ், விவாகப் பதிவு, பிள்ளைகளின் பிறப்புப் பதிவு எல்லாம் எடுத்து வையுங்கோ. முக்கியம், ரவியின் வருமானத்துக்கு ஏதாவது எழுத்து. வழக்குப் போட்டு 7 நாளுக்குள்ளாவது காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவித்தலும் போக வேண்டும், இல்லாவிட்டால் அவர்கள் கைகழுவி விடுவார்கள்.

[9:05] சிவா ஸ்காபரோ: வயரிங் வேலைக்கு யார் பில் கொடுத்தது. சம்பளச் சீட்டா இருக்கு

[9:21] பவானி: கொப்பி இருக்கு. ஒவ்வொரு நாளும் இரவு எழுதித்தான் படுப்பார்.

[9:22] பவானி: 📷 படம்

[9:22] பவானி: 📷 படம்

[9:27] வதனி: அண்ணாவின் எழுத்து 😢 எட்டைப் போடும் விதம்

[9:29] குகன்: பெரிதாக்கிப் பார்த்தேன். ‘இனுவில் தம்பி, மெயின் சுவிச், 6,200, கேட்கத் தேவையில்லை’.

[9:30] குகன்: நான் தருகிறேன் என்றுதான் சொன்னேன். உண்மையாக.

[9:31] செல்வன் பாரிஸ்: அதுக்குக் கீழே என்ன? தேவி வீட்டுக் கிணற்று மோட்டர், வயர் 14 மீற்றர், 8,500, ‘பிறகு’

[9:32] தேவி மாமி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

[9:32] தேவி மாமி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

[9:34] குஞ்சியப்பா: இதுதான் அத்தாட்சி. கடன் நின்ற கணக்கும் வருமானக் கணக்குத்தான். ஒரு பக்கமும் கிழிக்க வேண்டாம். ஒருவரும்.

[9:35] வதனி: 🙈

[9:41] சிவா ஸ்காபரோ: லோயர் செலவுக்கு நான் அனுப்புகிறேன். ஆனால் முதலில் கல்வெட்டு (நினைவுப் புத்தகம்) அடித்த கணக்கை யாராவது சொல்லுங்கோ. 200 அடித்து 60 மிச்சமாம்.

[9:42] குகன்: அண்ணை அது இப்ப ஏன்

[9:44] வதனி: சட்ட உதவி ஆணைக்குழு யாழ்ப்பாணத்தில் இருக்குத்தானே. முதலில் அங்கே கேட்டால் என்ன?

[9:46] குஞ்சியப்பா: கேட்கலாம். சாவகச்சேரியில் எனக்குத் தெரிந்த சட்டத்தரணியும் இருக்கிறார். நானே வருவேன், முழங்கால்தான்.

[9:47] குகன்: வெள்ளிக்கிழமை அவங்கள் வருவாங்களே, அன்றைக்கு யார் அண்ணியோடு நிற்பது? எனக்கு டியூட்டி

[9:58] பவானி: கண்ணாடி இன்னும் வரவில்லை என்று சொல்லிவிடுகிறேன்.

[9:59] வதனி: 😂😂

[10:12] பவானி: மாமி, அந்த மோட்டர் இப்ப எப்படி?

[10:20] தேவி மாமி: ஓம் பிள்ளை, ஓடுது. இவ்வளவு நாளில் ஒருக்காலும் நிற்கவில்லை.

[10:26] குகன்: அப்ப நாளைக்குச் சாவகச்சேரியா, யாழ்ப்பாணமா? பஸ்ஸா, வானா? குஞ்சியப்பா?

[10:27] வதனி: படுத்துவிட்டார்